'இந்த ஒரு வரியை டெர்மினல்ல போடுங்க போதும்' - லினக்ஸில் ரெப்போக்களை கலந்தால் என்ன ஆகும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்று யோசித்த பலர் லினக்ஸ் பக்கம் வந்தார்கள். அதே நாளில் வெளியான ஜோரின் ஓஎஸ் 18, ஒரு மாதத்துக்குச் சற்று கூடுதலான காலத்தில் 10 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டதாக அதை உருவாக்கும் குழு அறிவித்தது. அதில் 78 சதவீதத்துக்கும் மேல் விண்டோஸ் கணினிகளில் இருந்து வந்தவை என்றும் சொன்னது.

லினக்ஸ் போட்ட முதல் சில வாரங்கள் நன்றாகவே போகும். பிறகு ஏதோ ஒரு மென்பொருளின் புதிய வெர்ஷன் தேவைப்படும். வீடியோவில் ஒருவர், "இந்த ஒரு வரியை காப்பி பண்ணி டெர்மினல்ல போடுங்க, அவ்ளோதான்" என்பார். போட்டால் வேலையும் செய்யும். ஆனால் அடுத்த மாதம் அப்டேட் கொடுக்கும்போது சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திகள் வரிசை கட்டும். சில நேரம் டெஸ்க்டாப்பே காணாமல் போகும்.

"லினக்ஸே இப்படித்தான், விண்டோஸே பரவாயில்லை" என்று பலர் திரும்பிப் போவதும் இந்த இடத்தில்தான். ஆனால் பல நேரங்களில் சிக்கலின் வேர், அன்று போட்ட அந்த ஒரு வரி. அது என்ன செய்தது? ஏன் அது ஆபத்து? ஆபத்தில்லாமல் அதே வேலையை எப்படிச் செய்வது?

ரெப்போ என்றால் என்ன?

விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதன் இணையதளத்துக்குப் போய் பதிவிறக்குவது வழக்கம். லினக்ஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் சொந்தமாக ஒரு மென்பொருள் கிடங்கு உண்டு. அதுதான் ரெப்போசிட்டரி, சுருக்கமாக ரெப்போ. போனில் இருக்கும் ப்ளே ஸ்டோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: இந்தக் கிடங்கில் ஆப் மட்டும் இல்லை. இயங்குதளத்தின் அத்தனை பாகங்களும் இங்கிருந்துதான் வருகின்றன.

அந்தக் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு பேக்கேஜ். ஒரு பேக்கேஜ் வேலை செய்ய இன்னும் பத்து பேக்கேஜ்கள் தேவைப்படலாம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கணக்கைப் பார்த்து, சரியானவற்றை எடுத்து வந்து பொருத்துவது பேக்கேஜ் மேனேஜரின் வேலை. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஜோரின் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது 'ஆப்ட்'. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த டெபியன் குடும்பம்தான்.

டெபியன் 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய திட்டம். அதில் மூன்று முக்கிய கிளைகள் உண்டு. நன்றாகச் சோதித்து முடித்தது 'ஸ்டேபிள்'. அடுத்த வெளியீட்டுக்குத் தயாராவது 'டெஸ்டிங்'. புதிய பேக்கேஜ்கள் முதலில் வந்து இறங்கும் இடம் 'அன்ஸ்டேபிள்', செல்லப்பெயர் 'சிட்'.

ஸ்டேபிள் கிளையில் பல்லாயிரக்கணக்கான பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் அது நிதானமாக நகர்கிறது. அதனாலேயே அதில் இருக்கும் மென்பொருள்கள் கொஞ்சம் பழையதாகத் தெரிகின்றன.

கலந்தால் எங்கே உடைகிறது?

ஒரு நோயாளி இரண்டு டாக்டர்களிடம் போகிறார். இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள். எழுதிக் கொடுத்த மருந்துகளும் தனித்தனியாகச் சரியானவை. ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. ரெப்போக்களைக் கலப்பதில் இருக்கும் சிக்கல் இதேதான்.

ஒரு உதாரணம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் பதிப்பு 2.36. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அது 2.41. இந்த ஜிலிப்சி, கிட்டத்தட்ட எல்லா நிரல்களுக்கும் கீழே இருக்கும் அஸ்திவாரம்.

இப்போது டெபியன் 12 பயன்படுத்தும் ஒருவர், ஒரேயொரு புதிய மென்பொருளுக்காக டெபியன் 13-ன் ரெப்போவையும் சேர்க்கிறார். அந்தப் புதிய மென்பொருள், "எனக்கு 2.36-ஐ விடப் புதிய ஜிலிப்சி வேண்டும்" என்று கேட்கலாம். ஆப்ட் உடனே அஸ்திவாரத்தையே மாற்றக் கிளம்பும். பைதானும் அப்படித்தான். டெபியன் 12-ல் 3.11, 13-ல் 3.13. ஒன்றை இழுத்தால் அதைச் சார்ந்த எல்லாமே கூட வரும், அல்லது இடத்தைக் காலி செய்யும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சாதாரணமாகச் சேர்க்கப்படும் எல்லா ரெப்போக்களுக்கும் ஆப்ட் கொடுக்கும் முன்னுரிமை மதிப்பெண் 500. இரண்டு ரெப்போக்களுக்கும் ஒரே மதிப்பெண் என்றால், எதில் வெர்ஷன் எண் பெரிதோ அதுவே ஜெயிக்கும். அதாவது, "ஒரே ஒரு மென்பொருளுக்காகத்தான் சேர்த்தேன்" என்பது உங்களுக்குத் தெரியும். ஆப்டுக்குத் தெரியாது. அடுத்த முறை முழு அப்டேட் கொடுக்கும்போது அது மொத்த கணினியையும் புதிய கிளைக்கு நகர்த்தப் பார்க்கும்.

இப்படிப் பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப்போட்ட நிலையில் நிற்கும் கணினியை டெபியன் வட்டாரத்தில் 'ஃப்ராங்கன்டெபியன்' என்று அழைக்கிறார்கள். பல உடல்களின் பாகங்களை ஒட்டி உருவாக்கப்பட்ட, ஃப்ராங்கன்ஸ்டைன் கதையில் வரும் உருவத்தை நினைத்து வைத்த பெயர். 'டெபியனை உடைக்காதீர்கள்' என்று தனியாக ஒரு அறிவுரைப் பக்கமே அந்தத் திட்டத்தின் விக்கியில் இருக்கிறது. அதில் முதன்மையான எச்சரிக்கைகளில் ஒன்று இது.

'ஆமாம், நான் சொன்னபடி செய்'

பேக்கேஜ் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த ஒரு சம்பவம் 2021 நவம்பரில் நடந்தது. பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், ஒரு மாதம் லினக்ஸில் கேம் விளையாடும் சவாலுக்காக பாப் ஓஎஸ் நிறுவினார். அதில் ஸ்டீம் மென்பொருளைப் போட முயன்றபோது, அதற்குத் தேவையான பேக்கேஜ்களின் கணக்கு ரெப்போவில் இருந்தவற்றோடு பொருந்தவில்லை.

ஆப்ட் கண்டுபிடித்த 'தீர்வு', டெஸ்க்டாப் உள்ளிட்ட முக்கிய பேக்கேஜ்களை நீக்குவது. "இது ஆபத்து, தொடர வேண்டுமானால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்று டைப் செய்யுங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எச்சரித்தது. அவர் டைப் செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது.

இங்கே அவர் வெளியில் இருந்து எந்த ரெப்போவையும் சேர்க்கவில்லை. அதிகாரப்பூர்வக் கிடங்கிலேயே கணக்கு தற்காலிகமாகப் பிசகியதன் விளைவு இது. பல பேர் சேர்ந்து பராமரிக்கும் இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், ஒருவரையொருவர் அறியாத நாலு பேரின் ரெப்போக்களை ஒரே கணினியில் சேர்த்தால் வாய்ப்பு எவ்வளவு கூடும்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அத்தியாவசிய பேக்கேஜ்களை இப்படி எளிதாக நீக்க முடியாதபடி ஆப்ட் கடுமையாக்கப்பட்டது.

உடைவது மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. உடைந்தால் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். உள்ளே யார் வந்தார்கள் என்பதுதான் இதைவிடப் பெரிய கேள்வி.

ஒரு பேக்கேஜை நிறுவும்போது, அதில் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு ஓடும். ரூட் என்றால் கணினியின் முழு உரிமையாளர். ஒரு ரெப்போவைச் சேர்ப்பது என்பது, அதை நடத்துபவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதுவும் இன்றைக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அவர் அந்தச் சாவியைப் பயன்படுத்தலாம். அவருடைய சர்வரை யாராவது கைப்பற்றினால், சாவியும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

2025 ஜூலையில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ஆர்ச் லினக்ஸில் 'ஏயூஆர்' என்ற பகுதி உண்டு. பயனர்களே பேக்கேஜ் செய்முறைகளைப் பதிவேற்றும் இடம் அது. ஜூலை 16-ம் தேதி அதில் தீங்கான பேக்கேஜ் ஒன்று பதிவேற்றப்பட்டது. சில மணி நேரத்தில் அதே கணக்கில் இருந்து இன்னும் இரண்டு. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் ஆகிய பிரவுசர்களின் பெயரோடு 'பேட்ச்', 'ஃபிக்ஸ்' என்ற சொற்களை ஒட்டி வைத்திருந்தார்கள். ஏதோ சரிசெய்யப்பட்ட பதிப்பு என்று நினைத்துப் போட்டவர்களின் கணினியில், தொலைவில் இருந்து கட்டுப்படுத்தும் ட்ரோஜன் இறங்கியது. ஜூலை 18-ம் தேதி அவை நீக்கப்பட்டன. நிறுவியவர்கள் உடனே நீக்கிவிட்டு, தங்கள் கணினியைச் சோதிக்க வேண்டும் என்று ஆர்ச் குழு கேட்டுக்கொண்டது.

அப்படியானால் அதிகாரப்பூர்வ ரெப்போ நூறு சதவீதம் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. 2024 மார்ச் 29-ம் தேதி வெளிச்சத்துக்கு வந்த 'எக்ஸ்இசட்' விவகாரம் அதைக் காட்டியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உதவி, நம்பிக்கை பெற்று, பராமரிப்புப் பொறுப்புக்கே வந்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்தார்.

மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு வழங்கப்பட்ட ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பதிப்புகள் டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளுக்குள் வந்துவிட்டன. ஸ்டேபிள் கிளைக்குள் வரவில்லை. அப்போதைய ஸ்டேபிளான டெபியன் 12-ல் இருந்தது பழைய 5.4 வரிசை. ஆக, ஸ்டேபிள் மட்டும் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஏதோ ஒரு மென்பொருளுக்காக டெஸ்டிங்கையோ சிட்டையோ கட்டுப்பாடின்றிக் கலந்திருந்தவர்கள், தாங்கள் கேட்காத அந்த எக்ஸ்இசட் பதிப்பையும் சேர்த்து வாங்கியிருக்க வாய்ப்பு இருந்தது. 'பழசு' என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த நிதானம்தான் அங்கே காவலாக நின்றது.

அப்போ கலக்கவே கூடாதா?

அப்படிச் சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது. புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புதிய டிரைவர் தேவைப்படும். அலுவலக மென்பொருளுக்கு அதன் நிறுவனம் நடத்தும் ரெப்போ மட்டுமே வழியாக இருக்கும். சொல்லப்போனால், பலர் பயன்படுத்தும் லினக்ஸ் மின்ட்டே ஒரு கலவைதான். உபுண்டுவின் ரெப்போக்களுக்கு மேல் மின்ட்டின் சொந்த ரெப்போ ஓடுகிறது. ஆனாலும் அது உடைவதில்லை. எப்படி?

யார் பேச்சு எடுபடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். மின்ட் ரெப்போவுக்கு 700, உபுண்டு ரெப்போவுக்கு 500. இரண்டிலும் ஒரே பேக்கேஜ் இருந்தால் மின்ட்டுடையதுதான் வரும். இதற்குப் பெயர் 'பின்னிங்'.

இதே முறையில் தடையும் போடலாம். மின்ட் 20-ல் இருந்து ஸ்னாப் வசதிக்கு மைனஸ் 10 கொடுத்து வைத்திருக்கிறார்கள். மைனஸ் மதிப்பெண் என்றால் எந்தச் சூழ்நிலையிலும் நிறுவாதே என்று பொருள். ஏற்கனவே நிறுவப்பட்ட பதிப்புக்கு 100. ஆயிரமும் அதற்கு மேலும் கொடுத்தால், வெர்ஷன் எண் குறைவாக இருந்தாலும் அதைத்தான் நிறுவும்.

அந்த ஆயிரம் எங்கே பயன்படுகிறது? உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் 22.04 பதிப்பில் இருந்து ஸ்னாப்பாக வருகிறது. அது வேண்டாம் என்பவர்களுக்காக மொசில்லா நிறுவனமே ஒரு ஆப்ட் ரெப்போ நடத்துகிறது. ஆனால் உபுண்டு கிடங்கில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் இருக்கும் பேக்கேஜ், வெறுமனே ஸ்னாப்புக்குக் கைகாட்டும் ஒரு பலகை. அதன் வெர்ஷன் எண் மொசில்லாவுடையதைவிடப் பெரியதாகத் தோன்றும்படி அமைந்திருக்கிறது. அதனால் மொசில்லா தன் ரெப்போவுக்கு 1000 கொடுக்கச் சொல்கிறது. இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்களுக்குத்தான் ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸ் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது.

ஆபத்து குறைந்த வழிகள் என்னென்ன?

1. பேக்போர்ட்ஸ்: டெபியன் பயனர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். புதிய கிளையில் இருக்கும் மென்பொருளை, பழைய ஸ்டேபிளின் நூலகங்களோடு ஒத்துப்போகும்படி மறுபடி உருவாக்கித் தருகிறார்கள். அதன் மதிப்பெண் 100 மட்டுமே என்பதால், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய தானாக உள்ளே வராது.

2. ஃப்ளாட்பேக், ஸ்னாப்: மென்பொருளும் அதற்குத் தேவையான நூலகங்களும் தனிப் பெட்டியில் வரும். அடிப்படை அமைப்பைத் தொடாது. பெரும்பாலான பயனர்களின் 'புது வெர்ஷன் வேண்டும்' என்ற தேவை இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 செப்டம்பரில் ஸ்னாப் ஸ்டோரில் தீங்கான ஆப்கள் நுழைந்ததால், புதிய பதிவுகளை ஆட்களே பார்த்து அனுமதிக்கும் முறையை கேனானிகல் கொண்டுவந்தது. சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளை மின்ட் 22 இயல்பாகவே மறைத்து வைக்கிறது.

3. டிஸ்ட்ரோபாக்ஸ் போன்ற கன்டெய்னர்கள்: டெவலப்பர்களுக்கு ஏற்றது. டெபியனுக்கு உள்ளேயே ஒரு ஃபெடோராவையோ ஆர்ச்சையோ தனி அறையில் ஓட்டலாம். அறை குலைந்தாலும் வீடு நிற்கும்.

4. தயாரிப்பாளரின் ரெப்போ: வேறு வழியில்லை என்றால் மட்டும். மென்பொருளை உருவாக்குபவரே நடத்துவதாக இருக்க வேண்டும். உங்கள் லினக்ஸின் சரியான பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். டெபியனில் உபுண்டுவின் பிபிஏ சேர்ப்பது கூடவே கூடாது. அவை உபுண்டுவுக்காக உருவாக்கப்பட்டவை.

5. சாவிக்கு எல்லை: ஒவ்வொரு ரெப்போவுக்கும் கையொப்பச் சாவி உண்டு. 'ஆப்ட்-கீ' என்ற பழைய கட்டளையில் சேர்த்தால், அந்தச் சாவி எல்லா ரெப்போக்களுக்கும் செல்லும். அந்த முறை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. 'சைன்ட்-பை' என்று குறிப்பிட்டால் ஒரு சாவி ஒரு ரெப்போவுக்கு மட்டும் பொருந்தும். எந்த வழிகாட்டியாவது ஆப்ட்-கீ பயன்படுத்தச் சொன்னால், அது பழைய வழிகாட்டி என்று புரிந்துகொள்ளலாம்.

ரெட் ஹேட் குடும்பத்தில் இதே பிரச்னைக்கு 'எபெல்' என்ற ரெப்போ பதில் சொல்கிறது. அடிப்படை அமைப்பில் இருக்கும் பேக்கேஜ்களை மாற்றிப் போடக் கூடாது, இல்லாதவற்றை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஒரு கூடுதல் ரெப்போ நல்லதா என்று எடை போட இந்த ஒரு கேள்வி போதும்: இது இல்லாததைச் சேர்க்கிறதா, இருப்பதை மாற்றுகிறதா?

ஏற்கனவே கலந்தாச்சு, இப்போ என்ன செய்ய?

முதலில் பதற வேண்டாம். 'ஆப்ட் பாலிசி' என்ற கட்டளை, கணினியில் என்னென்ன ரெப்போக்கள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பட்டியல் போட்டுக் காட்டும். அதன் பின்னால் ஒரு பேக்கேஜின் பெயரைச் சேர்த்தால், அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லும். யார் சேர்த்தது, எதற்குச் சேர்த்தது என்று நினைவில்லாத ரெப்போ இருந்தால், அதுதான் முதல் சந்தேக நபர்.

ரெப்போவை நீக்கினால் மட்டும் போதாது. அதில் இருந்து வந்த பேக்கேஜ்கள் உள்ளேயே இருக்கும். இனி அவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்பது இன்னும் மோசம். உபுண்டுவில் 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி, ஒரு பிபிஏ-வை நீக்கி, அதன் பேக்கேஜ்களை உபுண்டுவின் பதிப்புக்கே திருப்பும். மின்ட்டில் 'சாஃப்ட்வேர் சோர்சஸ்' பகுதியின் பராமரிப்புப் பக்கத்தில், வெளியில் இருந்து வந்த பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து நீக்கவோ பழைய பதிப்புக்கு இறக்கவோ வசதி இருக்கிறது.

டெபியனில் டெஸ்டிங்கோ சிட்டோ கலந்து ஜிலிப்சி வரை மாறிவிட்டதென்றால் திரும்பும் வழி கடினம். முழு அமைப்பையும் பழைய பதிப்புக்கு இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. கோப்புகளை பேக்கப் எடுத்துவிட்டு, புதிதாக நிறுவுவதுதான் பெரும்பாலும் குறைந்த தலைவலி. டைம்ஷிஃப்ட் போன்ற கருவியில் முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன்பு இந்தச் சோதனை மிக அவசியம். உபுண்டு தன் பதிப்பு மாறும்போது வெளி ரெப்போக்களைத் தானாகவே முடக்கிவிடுகிறது. டெபியன் 12-ல் இருந்து 13-க்குப் போகிறவர்கள் அதைக் கையால் செய்ய வேண்டும்.

அடுத்த முறை "இந்த ஒரு வரியைப் போடுங்க" என்று யாராவது சொன்னால், என்டர் தட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த ரெப்போவை நடத்துவது யார்? என் லினக்ஸின் பதிப்புக்கு இது உரியதா? இதே மென்பொருள் பேக்போர்ட்ஸிலோ ஃப்ளாட்பேக்கிலோ கிடைக்காதா? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் அந்த ரெப்போதான் வேண்டுமென்றால், அதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும் எழுதி வைத்துவிட்டுச் சேருங்கள். 'ஆப்ட்' ஏதாவது நீக்கப்போவதாகச் சொன்னால், அந்தப் பட்டியலை ஒரு முறை முழுசா படிச்சுட்டு அப்புறம் 'ஒய்' அழுத்துங்க.